சுவரைத் தாண்டிப் போன ஒயர்

என் பெண்ணுக்கு முதல் வேலை கிடைத்தது. ஆஸ்பத்திரி பில்களைச் சரிபார்த்து அனுப்பும் கம்பெனி. வீட்டிலிருந்தே பார்க்கலாம், ஆனால் ஒயர் வழியாக வரும் இன்டர்நெட் இருக்க வேண்டும், மொபைலிலிருந்து எடுக்கக் கூடாது என்றார்கள். மொபைலை நம்பினாலும் எங்களுக்கு ஆகியிருக்காது. திருவொற்றியூரில் எங்கள் சந்தில் சிக்னல் வேண்டுமென்றால் மொட்டை மாடித் தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் நிற்க வேண்டும். தொட்டியின் மேல் ஒரு கையை வைத்தால் இன்னும் நன்றாக வரும் என்பது என் கணவரின் நம்பிக்கை.

ஃபைபர் கேபிள் போடுகிறவர்கள் பெரிய தெருவரை வந்து நின்றுவிட்டார்கள். மழைநீர்க் கால்வாய்க்காக எங்கள் சந்து முழுக்கப் பள்ளம் தோண்டிப் போட்டிருந்தது. அதை மூடட்டும், பிறகு வருகிறோம் என்று போய்விட்டார்கள். எங்களிடம் மிஞ்சியிருந்தது பழைய டெலிபோன் லைன்தான். மாமனார் துறைமுகத்தில் வேலை பார்த்த காலத்தில் வாங்கியது. போன் செட் கடல் காற்று பட்டு உள்ளே பச்சை பிடித்து எப்போதோ செத்துவிட்டது. லைன் மட்டும் உயிரோடு இருந்தது. அதிலேயே இன்டர்நெட் தரலாம் என்று சொல்லி ஒருவர் மோடத்தைக் கொண்டுவந்தார்.

"போன் எதுனா யூஸ் பண்றீங்களா?" என்று அவர் கேட்டார்.

என் கணவர் கன்டெய்னர் யார்டில் வண்டி ஓட்டுகிறவர். வீட்டிலும் யார்டில் பேசுகிற சத்தத்தில்தான் பேசுவார். "இன்னா சார் நீ! இந்த வூட்ல ஆளுக்கொரு செல்லு கீது. அந்தக் காலத்து டப்பால்லாம் தூக்கிக் கடாசியாச்சு" என்றார்.

வந்தவர் மோடம் பெட்டியிலிருந்த ஒரு சின்ன வெள்ளை டப்பாவைக் கையில் எடுத்துப் பார்த்தார். "அப்ப இந்த பில்டர் தேவப்படாது" என்று திரும்பப் பெட்டியிலேயே போட்டார். சுவரிலிருந்து வந்த ஒயரை நேராக மோடத்தில் சொருகினார். பெட்டி பரணுக்குப் போனது.

மோடத்தில் விளக்குகள் வரிசையாக இருந்தன. முதல் விளக்கு கரண்டுக்கு. அதற்கு அடுத்தது டெலிபோன் லைனுக்கு. அது ஆடாமல் அசையாமல் பச்சையாக எரிந்தால் லைன் பிடித்திருக்கிறது என்று அர்த்தம். சிமிட்டினால் லைனைத் தேடிக்கொண்டிருக்கிறது. அதற்கும் அடுத்தது இன்டர்நெட். இரண்டாவது விளக்கு நிலையாக எரிந்தால்தான் மூன்றாவது எரியும். நான் பத்தாவதோடு நின்றவள். ஆனாலும் இதைப் புரிந்துகொள்வது கஷ்டமாக இல்லை. குக்கரில் ஆவி வராமல் விசில் வராது, அது மாதிரி.

வேலையில் சேர்ந்த முதல் நாளே நெட் போனது. காலை பதினொரு மணிக்கு அவர்களுக்குள் ஒரு மீட்டிங். எல்லோரும் கம்ப்யூட்டரில் முகம் காட்டிப் பேசுவார்கள். இவள் முறை வந்து வாயைத் திறக்கும் நேரத்தில் திரை அப்படியே நின்றுவிட்டது. திரும்பி வருவதற்குள் அடுத்தவர் பேசி முடித்திருந்தார். மறுநாளும் அப்படித்தான். மீதி நேரமெல்லாம் நெட் குறையில்லாமல் இருக்கும். மீட்டிங் நடுவில் மட்டும் போகும். ஞாயிற்றுக்கிழமை மீட்டிங் இல்லை. அன்று போனதா இல்லையா என்று யாரும் பார்க்கவில்லை.

ஆளாளுக்கு ஒரு காரணம் சொன்னோம். கன்டெய்னர் லாரி போகும்போது சுவர் அதிர்கிறது, அதனால்தான் என்றார் என் கணவர். தெருக் கம்பத்தில் ஒயர்மேல் உட்காருகிற காக்காய்கள்மேல் எனக்குச் சந்தேகம். என் பெண்ணுக்கு மிக்சிமேல் சந்தேகம்.

"அம்மா, பதினோரு மணிக்கு மிக்சி போடாத. கிரைண்டர் போடாத. பேன்கூட வேணாம். நீயே வூட்ல இல்லாம இருந்தா இன்னும் நல்லது" என்றாள்.

"நான் இன்னாடி பண்றேன்? நான்தான் வாயே தொறக்கறதில்லியே."

"நீ பாத்திரம் வெக்கிற சத்தம் மைக்ல உளுதும்மா."

ஆகவே தினமும் மீட்டிங் நேரத்துக்கு நான் பையை எடுத்துக்கொண்டு மார்க்கெட்டுக்குப் போனேன். வாங்குவதற்கு ஒன்றுமில்லாத நாளில் கொத்தமல்லி வாங்கினேன். வீட்டில் கொத்தமல்லித் துவையல், கொத்தமல்லி சாதம் என்று ஓடிக்கொண்டிருந்தது. நெட் மட்டும் போய்க்கொண்டேதான் இருந்தது.

ஒரு திங்கட்கிழமை அவளுடைய மேலதிகாரி கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். வெள்ளிக்கிழமை மீட்டிங்கில் பெரிய அதிகாரிகள் இருப்பார்கள். இவள் தான் செய்த வேலையைத் திரையில் காட்டி விளக்க வேண்டும். அன்றும் நெட் போனால் வீட்டு வேலை கிடையாது, ஆபீசுக்கு வந்துவிட வேண்டும். ஆபீஸ் இருப்பது ஊரின் தெற்குக் கடைசி. திருவொற்றியூரிலிருந்து பஸ், ரயில், மறுபடியும் பஸ். அப்படிப் போனால் அங்கேயே விடுதியில்தான் தங்க வேண்டும். விடுதிக்குப் போவதைவிட வேலையையே விட்டுவிடுகிறேன் என்று அவள் அழுதாள். எவ்வளவோ தேடிக் கிடைத்த வேலை. வேலையும் போகக் கூடாது, பெண்ணும் போகக் கூடாது. அந்த வாரம் எனக்கு வேறு நினைப்பே இல்லை.

புதன்கிழமை லைன்மேன் வந்தார். காலையில் கூப்பிட்டால் மத்தியானம்தான் வர முடியும் அவரால். மத்தியானம் எங்கள் லைன் நல்ல பிள்ளையாக இருந்தது.

"லைன் சுத்தமா கீதும்மா. ஒரு கொறையும் இல்ல" என்றார்.

"பதினோரு மணிக்கு மட்டும் போவுதுங்க" என்றேன். அந்த ஒரு வரியைச் சொல்வதற்கு அவருக்கு டீ போட்டுக் கொடுக்கும் நேரம் முழுக்க ஒத்திகை பார்த்திருந்தேன்.

அவர் டீயைக் குடித்துக்கொண்டே விளக்கினார். ஒரே கம்பியில்தான் போன் பேச்சும் போகிறது, நெட்டும் போகிறது. "இப்ப எண்ணூர் ரோட்ல கன்டெய்னரும் போவுது, சைக்கிளும் போவுது. நடுவுல தடுப்பு இல்லன்னா இன்னா ஆவும்? சைக்கிள்காரன் குறுக்க வந்தா கன்டெய்னர் பிரேக் அடிப்பான். அந்தத் தடுப்புதான் பில்டரு. அது இல்லாம ஒரு போனு லைன்ல இருந்திச்சின்னா, பெல் அடிக்கசொல்லோ, ரிசீவர எடுக்கசொல்லோ, நெட்டு பூடும். ஆனா உங்ககிட்டதான் போனே இல்லியே."

"இல்லீங்க" என்றேன். அவரும் போய்விட்டார்.

வியாழக்கிழமை நான் மார்க்கெட்டுக்குப் போகவில்லை. மூச்சு விடுகிற சத்தம்கூட வராது என்று பெண்ணிடம் சத்தியம் செய்துவிட்டு மோடத்துக்கு எதிரே தரையில் உட்கார்ந்தேன். உள் அறையில் அவள் இங்கிலீஷில் பேசிக்கொண்டிருந்தாள். பச்சை விளக்கு அசையவில்லை. வீடு அவ்வளவு அமைதியாக இருந்ததால்தான் அது எனக்குக் கேட்டது. சுவருக்கு அந்தப் பக்கம், பக்கத்து வீட்டில், பழைய காலத்து டெலிபோன் மணி. டிரிங், டிரிங். இரண்டு முறை அடித்து நின்றது. என் கண்ணெதிரே இரண்டாவது விளக்கு சிமிட்ட ஆரம்பித்தது. கொஞ்ச நேரத்தில் மணி மறுபடியும் அடித்தது. பிறகு பக்கத்து வீட்டு அக்காவின் குரல்: "இன்னாடி, சோறு ஆச்சா?" உள் அறையில் என் பெண், "ஹலோ, ஹலோ" என்று கத்திக்கொண்டிருந்தாள்.

எனக்கு எல்லாம் ஒரு நொடியில் ஞாபகம் வந்தது.

மாமனார் போன் வாங்கியபோது எங்கள் வரிசையில் அது ஒன்றுதான் போன். பக்கத்து வீட்டுக்கு வரும் அழைப்புக்கெல்லாம் ஓடிப் போய்க் கூப்பிட வேண்டியிருந்தது. அதனால் எங்கள் வாசலில் இருந்த டெலிபோன் பெட்டியிலிருந்து ஒரு ஒயரைச் சுவருக்கு அந்தப் பக்கம் இழுத்து அவர்களுக்கும் ஒரு போன் வைத்துக் கொடுத்தார். மணி இரண்டு வீட்டிலும் அடிக்கும். யாருக்கு என்று தெரிய ஒரு ஏற்பாடு: இரண்டு மணி அடித்து நின்று, மறுபடி அடித்தால் அவர்களுக்கு. நிற்காமல் அடித்தால் எங்களுக்கு. அவர்கள் அதிலிருந்து ஒரு முறைகூட வெளியே போன் செய்ததில்லை. வருவதை மட்டும் எடுப்பார்கள். எங்கள் செட் செத்த பிறகு எங்கள் வீட்டில் மணி அடிப்பது நின்றது. அவர்கள் வீட்டிலும் செல்போன் வந்ததால் அந்தப் போனும் போயிருக்கும் என்று நாங்களாக முடிவு செய்துகொண்டோம். ஒயர் எத்தனையோ முறை சுண்ணாம்பு அடித்துச் சுவரின் நிறத்துக்கே வந்துவிட்டது.

அது போகவில்லை. அக்காவின் தங்கை எண்ணூரில் கடலை ஒட்டிய ஒரு வீட்டில் சமையல் வேலை செய்கிறாள். செல்போனைத் தொட்டாலே யாருக்கோ போய்விடுகிறது என்று அவளுக்குப் பயம். உலை வைத்துவிட்டுக் கொஞ்சம் ஓய்வாக இருக்கும்போது அந்த வீட்டு போனிலிருந்து, மனப்பாடமாகத் தெரிந்த ஒரே நம்பருக்கு, பழைய ஏற்பாட்டின்படி மணி அடிக்கிறாள்.

இனி அக்காவிடம் சொல்ல வேண்டியதுதான் பாக்கி. அதுதான் எனக்கு முடியாத காரியம். மீன் விற்கிற அக்கா அவர். சந்தின் அந்தக் கோடியிலிருந்தே குரல் கேட்கும். நல்லவர். ஆனால் அந்தப் போன் அவருடையது இல்லை என்று இத்தனை வருடத்தில் யாரும் அவரிடம் சொன்னதில்லை. நான் போய் வாயைத் திறந்தால், கொடுத்ததைத் திருப்பிக் கேட்கிற மாதிரி இருக்கும்.

சாயங்காலம் ஒரு கிண்ணத்தில் பருப்பு வடை வைத்து எடுத்துக்கொண்டு போனேன். அக்கா வடையைத் தின்றபடி மீன் விலை, மருமகள், கால்வாய்ப் பள்ளத்தில் விழுந்த ஆட்டோ என்று பேசினார். நான் தலையாட்டினேன். கிளம்பும்போது கிண்ணத்தை வெறுமையாகத் தரக் கூடாது என்று அது நிறைய நெத்திலி போட்டுக் கொடுத்தார். வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

என் கணவர் கிண்ணத்தை எட்டிப் பார்த்தார். "போன் மேட்டரு பேச போன ஆளு, மீனு வாங்கினு வந்துகீற. இன்னொரு தபா அனுப்புனா எறா வாங்கினு வருவியா? நவுரு, நான் கத்திரிய வெச்சி அந்த ஒயர கட் பண்ணிட்டு வர்றேன். அவ்ளோதான மேட்டரு!"

"வேணாம். அந்தத் தங்கச்சிக்கு வேற நம்பர் தெரியாது" என்றேன்.

"அப்பா பேசுனா சண்ட ஆயிடும். நீயே பேசும்மா" என்றாள் பெண். அழுது அழுது அவள் மூக்கு சிவந்திருந்தது. "நாளைக்கு கட் ஆச்சின்னா அவ்ளோதான்."

பரணிலிருந்து மோடம் பெட்டியை இறக்கினேன். வெள்ளை டப்பா அப்படியே இருந்தது. ஒரு பக்கம் சுவர் ஒயருக்கு, மறுபக்கம் போனுக்கு. எழுத்துக் கூட்டிப் படித்துப் பார்த்து வைத்துக்கொண்டேன்.

வெள்ளிக்கிழமை காலையெல்லாம் தயங்கி, மீட்டிங் ஆரம்பித்த பிறகுதான் அந்த டப்பாவை முந்தானையில் சுற்றிக்கொண்டு போனேன். அக்கா வீட்டுக்குள் அருவாமனையில் உட்கார்ந்து சங்கரா மீன் ஆய்ந்துகொண்டிருந்தார். முழங்கை வரை செதில். பக்கத்தில் ஸ்டூல் மேல் போன். அதன் கீழ் ஒரு பூப்போட்ட துணி விரித்திருந்தது.

"வாமே. இன்னா, நேத்து வட, இன்னிக்கி வெறுங்கையா?"

"சொம்மாதான்க்கா."

"சொம்மா வர்ற ஆளா நீ? பொங்கலுக்கு ஒரு தபா, தீவாளிக்கு ஒரு தபா வருவ. குந்து. நல்லதா போச்சு, தங்கச்சி போன் பண்ற நேரம். என் கையெல்லாம் கலீஜா கீது. அடிச்சா நீ எடுத்து, 'இரு, வர்றா'ன்னு சொல்லு."

போன் எடுப்பது என்றாலே எனக்கு வியர்க்கும். அதிலும் இந்தப் போன் அடித்தாலும் ஆபத்து, எடுத்தாலும் ஆபத்து. சுவருக்கு அந்தப் பக்கம் என் பெண் குரல் மெல்லக் கேட்டது. அவள் ஆரம்பித்துவிட்டாள்.

"அக்கா, இந்தப் போன் அடிச்சா எங்க வூட்ல நெட்டு பூடுதுக்கா. அவ வேலையும் பூடும்க்கா. இன்னிக்கி போச்சின்னா ஆஸ்டலுக்கு போவணும்னு சொல்லிட்டாங்க. ஒயர கட் பண்ண வேணாம், இத்த மாட்னா போதும், நீங்க எப்பவும் போல பேசலாம்" என்றேன். மூச்சு விடாமல் சொன்னேன் என்பது முடித்த பிறகுதான் தெரிந்தது.

அக்காவின் கை அருவாமனையில் அப்படியே நின்றது. "நானா கட் பண்ணிகினு கீறேன்? எம்மாம் நாளா?"

"அவ வேலைக்கு சேந்ததுலேர்ந்து."

"அட பேஜாரே! நேத்து வடைய குடுத்துட்டு மூஞ்சையே பாத்துகினு குந்தினு இருந்தியே, இத்த சொல்லத்தானா? நான் உனுக்கு பல்லு வலின்னு இல்ல நெனச்சேன்! புடுங்கு அத்த, ஜல்தி புடுங்கு!"

போனிலிருந்து ஒயரைப் பிடுங்கினேன். முனையில் உப்பும் தூசியும் அப்பியிருந்தது. முந்தானையால் துடைத்து டப்பாவில் சொருகினேன், போகவில்லை. "திருப்பிப் போடுமே! தலகீயா வெச்சிகீற!" என்று அக்கா உட்கார்ந்த இடத்திலிருந்தே கத்தினார். திருப்பினேன், 'டக்' என்று விழுந்தது. டப்பாவின் மறுபக்கத்துச் சின்ன ஒயரைப் போனில் மாட்டிக் கையை எடுத்தேன், மணி அடித்தது.

டிரிங், டிரிங். நின்றது.

இருவரும் சுவரைப் பார்த்தோம்.

"இன்னாமே? கீதா, பூட்ச்சா?"

காதைச் சுவரில் வைத்தேன். இங்கிலீஷ் ஓடிக்கொண்டிருந்தது. "பேசிகினுதான் கீறா" என்றேன். எனக்கே என் பேச்சு அக்காவின் பேச்சு மாதிரி கேட்டது.

மணி மறுபடி அடித்தது. நானே எடுத்தேன். "இருங்க" என்று சொல்லி ரிசீவரை அக்காவின் காதில் வைத்துப் பிடித்தேன். சுவரில் ஒரு காது, கையில் ரிசீவர் என்று வளைந்து நின்றேன். பேச்சு அறுபடவில்லை.

"இன்னாடி..." என்று ஆரம்பித்த அக்கா நிறுத்தினார். முகம் மாறியது. "ஏண்டி, கடலு எங்கடி போச்சு?"

"கடலு எங்க போவும்? எதிர்லதான் கீது" என்றது தங்கையின் குரல். எனக்கே தெளிவாகக் கேட்டது.

"சத்தமே காணோம்? கொஞ்ச நாளாவே 'உஸ்ஸு'ன்னு கேக்குமே!"

எனக்குப் புரிந்துவிட்டது. தடுப்பு இல்லாத போனில் நெட் போகிற சத்தம் உஸ் என்று கலந்து வந்திருக்கிறது. மோடம் வந்த நாளிலிருந்து அதை அக்கா எண்ணூர்க் கடலின் இரைச்சல் என்று நினைத்துக்கொண்டிருந்தார்.

"அது கடல் இல்லக்கா. அது எங்க நெட்டு" என்றேன்.

"நெட்டுக்கு சத்தம் வேற கீதா?" அக்கா ரிசீவர் பக்கம் திரும்பினார். "ஏய், கேட்டியாடி? அது கடலு இல்லியாம்!"

 மறுமுனையில் தங்கை கத்தியது அறை முழுக்கக் கேட்டது. "அடிப்பாவி! 'கடலு ஜாஸ்தியா கொதிக்குது, உன் புருசன மீன் புடிக்க எறங்க வுடாத'ன்னு எத்தினி தபா சொன்ன! தண்ணி கொளம் மாதிரி இருந்தாலும், அக்காவுக்கு இன்னாவோ தெரிஞ்சிகீதுன்னு அந்தாளும் வூட்லயே படுத்துகினு கெடந்தான்!"

"நல்லா ரெஸ்ட் எடுத்துகிறான், வுடு!" என்றார் அக்கா. சிரிப்பில் அவர் கையிலிருந்த மீன் நழுவித் தண்ணீரில் விழுந்து என் புடவை நனைந்தது. எனக்கும் சிரிப்பு வந்தது. சுவருக்கு அந்தப் பக்கம் மைக்கில் விழுந்துவிடுமே என்று வாயை மூடிக்கொண்டேன். அக்காவும் மீன் கையாலேயே தன் வாயை மூடிக்கொண்டார். தங்கைக்கு விஷயம் புரியாமல், "இன்னாங்கடி ஆச்சு அங்க?" என்று கேட்டுக்கொண்டே இருந்தாள்.

வீட்டுக்கு வந்து அறைக் கதவை விரலளவு திறந்து பார்த்தேன். என் பெண் திரையைப் பார்த்துப் பேசியபடியே, போ போ என்று கையை மட்டும் ஆட்டினாள். போனேன். மோடத்தில் மூன்று விளக்கும் எரிந்தன. அதன் எதிரே நான் அதுவரை அவ்வளவு நேரம் சந்தோஷமாக உட்கார்ந்ததில்லை.

மீட்டிங் முடிந்து அவள் வெளியே வந்தாள். "வூட்லேர்ந்தே பாக்கலாம்னு சொல்லிட்டாங்கம்மா" என்றாள். பிறகு மூக்கைச் சுருக்கி, "இன்னாம்மா உம்மேல மீனு நாத்தம்?" என்று கேட்டாள். நான் நடந்ததைச் சொன்னேன். அவள் முழுக்கக் கேட்டுவிட்டு, "நீயா பேசுன?" என்று திரும்பத் திரும்பக் கேட்டாள். ராத்திரி என் கணவருக்கும் அதே சந்தேகம்தான்.

திங்கட்கிழமை மீட்டிங் நேரத்தில் நான் வாசலில் நின்றபோது இரண்டு வீட்டுக்கும் நடுவிலிருக்கும் குட்டைச் சுவருக்கு மேல் அக்காவின் தலை தெரிந்தது. சந்தின் அந்தக் கோடிவரை போகிற குரலை எப்படியோ அடக்கி, காற்றாகக் கேட்டார்.

"பாப்பா பேசிட்டாளா? தங்கச்சி ரெண்டு மணி அடிச்சிட்டா. எடுக்கட்டா?"

"தாராளமா எடுங்கக்கா. இனிமே ஒண்ணும் ஆவாது."

"மெய்யாலுமா?"

"மெய்யாலுமேதான்."

அக்கா நம்பவில்லை. டப்பாவின்மேல் அவருக்கு அவ்வளவு நம்பிக்கை கிடையாது. உள்ளே மணி மறுபடி அடிக்க ஆரம்பித்தது. அவர் நகராமல், என் வீட்டு ஜன்னலையே பார்த்துக்கொண்டு நின்றார். நான் உள்ளே போய்ப் பச்சை விளக்கைப் பார்த்துவிட்டு வந்து தலையாட்டினேன். அதன் பிறகுதான் போனை எடுக்க ஓடினார்.